வராத ஏற்றத்தைக் கேட்டவர்கள்

காது பரிசோதனை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் மேல் மரியாதை கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அதைக் குறைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குவதுதான் நியாயம். முப்பத்தோரு வருடம் சத்தம் புகாத அந்தக் கண்ணாடி அறைக்கு வெளியே உட்கார்ந்து, உள்ளே ஹெட்ஃபோன் மாட்டிய மனிதர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் நான். எத்தனை பேருடைய காதைச் சோதித்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. யாருடைய காதில் தோற்றேன் என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவேன். ஒன்று, ஒரு டிப்பர் லாரி டிரைவருடைய காது. இன்னொன்று என்னுடையது.

மெஷினை எப்படி இயக்குவது, தாளில் எங்கே புள்ளி வைப்பது என்பதெல்லாம் உங்களுக்குப் படிப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும், அதற்குள் நான் போகவில்லை. ஒரே ஒரு பரிசோதனையை மட்டும் விளக்கியாக வேண்டும். ஸ்கேன் வசதி பெருகிய பிறகு அதைச் செய்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். உங்களில் சிலர் அதைப் பார்த்தே இருக்க மாட்டீர்கள்.

காதில் ஒரே சீரான சத்தம் ஓடிக்கொண்டிருக்கும். ஐந்து நொடிக்கு ஒரு முறை, கண் இமைக்கிற நேரத்துக்கு, அது இம்மியளவு ஏறி உடனே பழைய இடத்துக்கு இறங்கும். ஏறியது தெரிந்தால் கையில் இருக்கும் பட்டனை அமுக்க வேண்டும். இப்படி இருபது முறை. வண்டிச் சத்தத்திலும் மெஷின் சத்தத்திலும் உழைத்து உள்காது கெட்டுப்போனவர்களுக்கு அந்த இம்மியளவு ஏற்றம் ஆச்சரியப்படும்படி துல்லியமாகக் கேட்கும். காதிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பில் கோளாறு இருந்தால் கேட்காது, சத்தம் தட்டையாகவே ஓடும். நிறைய அமுக்கினால் உள்காது, அமுக்காவிட்டால் நரம்பாக இருக்கலாம். நரம்பு என்றால் அங்கே கட்டி ஏதாவது வளர்கிறதா என்று பார்க்க உடனே ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும்.

இதில் ஒரு கட்டாயம் உண்டு. நடுநடுவே சில முறை ஏற்றாமலே விட்டுப் பார்க்க வேண்டும். ஏற்றாதபோதும் ஒருவர் அமுக்கினால், அவர் காதால் கேட்கவில்லை, ஐந்து நொடிப் பழக்கத்தால் கேட்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம். நான் பயிற்சி எடுத்த காலத்தில் அதைப் பக்கம் பக்கமாக எழுதிப் பாஸ் ஆனவள்.

வேலைக்கு வந்து இருபது வருடம் ஆகியிருந்தது. அப்போது அரியலூரில் ஒரு தனியார் காது மூக்கு தொண்டை கிளினிக்கில் இருந்தேன். வீடு பெரம்பலூரில். தினமும் பஸ். நான் சொல்லும் நாள் ஒரு திங்கட்கிழமை. திங்கட்கிழமை பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், பாதிக் கூட்டம் திங்களும் வெள்ளியும் மட்டும் நடை திறக்கும் சிறுவாச்சூர் கோயிலுக்குப் போகிற கூட்டம். அதை நீந்திக் கடந்து நான் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது வெளியே பதினான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு முகம் கடுகடுவென்று இருந்திருக்கும். என் முகம் அதில் கெட்டிக்கார முகம்.

எட்டாவதாகவோ ஒன்பதாவதாகவோ வந்தவர் கலியமூர்த்தி. நாற்பது வயது தாண்டியவர், சட்டை மடிப்பில் வெள்ளைத் தூசி.

"என்ன செய்யுது தம்பி?"

"ஓனரு காது டெஸ்ட் எடுத்துட்டு வரச் சொன்னாருங்க. எல்லா டிரைவருக்குந்தான். எனக்கு ஒண்ணும் பெருசா இல்ல. வலது பக்கம் மட்டும் கொஞ்சம் மந்தம். போன வச்சா சத்தம் கேக்குது, பேச்சு வெளங்க மாட்டேங்குது."

"எத்தன வருசமா டிப்பர் ஓட்டுறீங்க?"

"பதினாறு வருசம் ஆச்சுங்க. சுண்ணாம்புக்கல் லோடு. சொரங்கத்துலேர்ந்து ஃபேக்டரி, ஃபேக்டரிலேர்ந்து சொரங்கம்."

விடை எனக்குக் கிடைத்துவிட்டது. அரியலூர்ப் பக்கம் வேலை பார்த்த எங்களைப் போன்றவர்களுக்கு இது ஒரு வாய்ப்பாடு. டிப்பர் டிரைவர் என்றால் வலது காது ஜன்னல் பக்கம். எதிரே வருகிற வண்டியின் ஏர் ஹார்ன், காற்று, பக்கத்தில் உரசிப்போகிற லாரியின் இரைச்சல் எல்லாம் அந்தக் காதில்தான் விழும். எத்தனையோ டிரைவர்களுக்கு வலது காது இடதைவிடக் கொஞ்சம் மந்தமாக இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர் அனுபவத்தில் அது பொய் இல்லை. பொய் இல்லாத விஷயம்தான் ஆளை நன்றாகக் கவிழ்க்கும்.

ஏனென்றால் அந்த மனிதர் இன்னொன்றும் சொன்னார். சத்தம் கேட்கிறது, பேச்சு விளங்கவில்லை. மற்ற டிரைவர்கள் "கொஞ்சம் சத்தமா பேசுனா வெளங்கிடும்" என்பார்கள். இவர் அப்படிச் சொல்லவில்லை. அதோடு, இடது காது கிட்டத்தட்ட நன்றாக இருந்தது. ஜன்னல் கணக்குக்கு இவ்வளவு வித்தியாசம் அதிகம். எல்லாமே என் முன்னால் இருந்தது. நான்தான் ஏற்கெனவே விடை எழுதிவிட்டேனே.

ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன். லைசென்சுக்கு எட்டு போட்டுக் காட்டுகிறவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "மேடம், இதுல ஃபெயிலானா வண்டி தர மாட்டாங்களா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் இல்ல. கவனமா கேளுங்க, போதும்."

பழகுவதற்காக முதலில் பெரிய ஏற்றங்களைக் கொடுத்தேன். ஒன்று விடாமல் அமுக்கினார். பிறகு சின்ன ஏற்றத்துக்கு மாற்றினேன். மெஷினில் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு சிறு விளக்கு மினுக்கும். மினுக்கியது. அவர் அமுக்கவில்லை. மறுபடி மினுக்கியது. அமுக்கவில்லை. ஐந்து முறை இப்படியே போனது. வெளியே யாரோ என்னைக் கேட்டு நர்சிடம் சத்தம் போடுவது காதில் விழுந்தது. நான் எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன்.

"தம்பி, வருது. நல்லா கவனிங்க. அஞ்சு செகண்டுக்கு ஒருக்கா வரும்."

பாவம், தலையைத் தலையை ஆட்டினார். திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தேன். இருபதுக்குப் பதினெட்டு அமுக்கினார். நடுவில் ஏற்றாமல் விட்டுப் பார்க்கவில்லை. அதற்கு இன்னும் சில நிமிடம் ஆகும், எனக்கோ விடை தெரியும். பதினெட்டு என்று எழுதி அனுப்பினேன். டாக்டர் அதைப் பார்த்து, வண்டிச் சத்தத்தால் வந்த மந்தம், காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு ஓட்டலாம், ஒரு வருடம் கழித்து வரவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கலியமூர்த்தி போகும்போது அறை வாசலில் நின்று என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மூன்று மாதம் கழித்து, மெஷினைச் சரிபார்க்கத் திருச்சியிலிருந்து ஒரு டெக்னீஷியன் வந்தார். வருடத்துக்கு ஒரு முறை வருகிறவர். அதிகம் பேச மாட்டார், டீ கொடுத்தால்கூட வேலை முடிந்த பிறகுதான் குடிப்பார். அன்று மெஷினில் தன் மீட்டரைச் செருகி வெகுநேரம் எதையோ திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"மேடம், இந்த ஏத்தி எறக்குற டெஸ்ட்டு கடைசியா எப்ப செஞ்சீங்க?"

"முந்தாநாளு."

"சரியா வந்துச்சா?"

எனக்குச் சுருக்கென்றது. "தெனம் காலைல நானே மாட்டிக் கேட்டுப் பாத்துட்டுத்தான் அடுத்த ஆளத் தொடுவேன். இன்னைக்குக்கூடக் கேட்டேன். நல்லா ஏறி எறங்குச்சு."

"உள்ள போய் உக்காருங்க. சின்ன ஏத்தம் வச்சுத் தரேன். கேட்டா அமுக்குங்க."

எனக்கே டெஸ்டா என்று எரிச்சலோடுதான் போய் உட்கார்ந்தேன். சத்தம் ஓடியது. சிறிது நேரத்தில் மெல்ல எழும்பி அடங்கியது, அமுக்கினேன். மறுபடி எழும்பியது, அமுக்கினேன். ஓரிரு முறை சந்தேகமாக இருந்ததால் விட்டுவிட்டேன். வெளியே வந்து, பார்த்தீர்களா என்கிற மாதிரி அவரைப் பார்த்தேன்.

அவர் சிரிக்கவில்லை. அதற்கு இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்கிறேன். "பத்துல ஏழு அமுக்கியிருக்கீங்க மேடம். ஆனா இதுல சின்ன ஏத்தம் வேலையே செய்யல. பெருசு வருது. சின்னதுல வைக்கிறப்ப லைட்டு மட்டும் எரியுது, சத்தம் ஏறல. இதோ மீட்டரப் பாருங்க."

முள் ஆடவே இல்லை. நான் நம்பவில்லை. திரும்ப உள்ளே போய் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, போடுங்கள் என்று கை காட்டினேன். அதே மெஷின், அதே சத்தம், அதே காது. இந்த முறை அது தட்டையாக ஓடியது. ஒரு சிறு அசைவுகூட இல்லை. பத்து நிமிடத்துக்கு முன்னால் அதே சத்தம் எனக்குள் ஏறி இறங்கியதே, அது எங்கே போயிற்று என்று திகைத்துப் போனேன்.

நீங்கள் குளிக்கும்போது குழாய்த் தண்ணீர் இரைச்சலுக்குள் செல்போன் அடிக்கிற மாதிரி கேட்டு, ஈரத்தோடு ஓடிவந்து பார்த்திருப்பீர்கள். முக்கியமான அழைப்புக்காகக் காத்திருக்கும் நாளில்தான் அது அதிகம் அடிக்கும். நீங்கள் பொய் சொல்லவில்லை, காதும் கெடவில்லை. வரும் என்று மனது வாசலில் போய் நின்றுகொண்டால், வராததையும் வந்ததாகச் சொல்லிவிடும். தினமும் காலையில் நான் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அந்த விளக்கைப் பார்த்தபடிதான் கேட்டேன். விளக்கு மினுக்கும்போதெல்லாம் எனக்குச் சத்தம் ஏறியது. விளக்கு தெரியாத அறைக்குள்ளும் ஏறியது, ஏனென்றால் ஐந்து நொடி என் உடம்பிலேயே ஊறிக் கிடந்தது.

"எத்தன நாளா இப்படி?"

"அது எனக்குத் தெரியாதுங்க. போன வருசம் வந்தப்ப சரியா இருந்துச்சு."

அப்படியென்றால் இடையில் எப்போது வேண்டுமானாலும் பழுதாகியிருக்கலாம். ரிஜிஸ்டரை எடுத்து உட்கார்ந்தேன். அந்த ஒரு வருடத்தில் இந்தப் பரிசோதனை செய்தவர்கள் பெயரையெல்லாம் தனித் தாளில் எழுதினேன். இரண்டு பேர் ஒன்றுமே அமுக்காதவர்கள். ஸ்கேனில் அவர்களுக்கு ஒன்றும் இல்லை என்று வந்திருந்தது. பெயருக்கு எதிரே நான் கொட்டை எழுத்தில் 'கவனம் போதாது' என்று எழுதியிருந்தேன். அதைப் பார்த்தபோது வந்த வெட்கத்தை வயதான இந்தக் காலத்திலும் மறக்க முடியவில்லை. மற்றவர்களில் அநேகம் பேருக்கு இரண்டு காதும் ஒரே மாதிரி மந்தம், வேறு பரிசோதனைகளும் உள்காது என்றே சொல்லியிருந்தன. அவர்களுக்கு ஆபத்து இல்லை. ஒரு காது மட்டும் மந்தமாகி, என் பதினெட்டை நம்பி அனுப்பப்பட்டவர் ஒரே ஒருவர்தான். பெயரைப் படித்ததும் அவர் கும்பிட்டது ஞாபகம் வந்தது.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் கெட்ட செய்தி கேட்டால் மேஜையில் இருக்கிற பேனாக்களை அடுக்கத் தொடங்குவார். அடுக்கினார்.

"ஒரு வருஷம் கழிச்சு வரச் சொல்லியிருக்கோம்ல. எப்படியும் வருவாரு. அப்பப் பாத்துக்கலாமே. இப்பப் போய்ச் சொன்னா மனுஷன் பயந்துடுவாரு. ஒண்ணும் இல்லாமக்கூட இருக்கலாம்."

"இருக்கலாம் சார். இருந்துட்டா?"

பேனாக்கள் நின்றன. பிறகு, "போன் பண்ணுங்க. கெடைக்கலன்னா நேர்ல போய்க் கூட்டிட்டு வாங்க. நானுந்தான் கையெழுத்துப் போட்டேன்" என்றார்.

போன் கிடைக்கவில்லை, அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. ஞாயிற்றுக்கிழமை, ரிஜிஸ்டரில் இருந்த முகவரியை எடுத்துக்கொண்டு அரியலூரில் ஜெயங்கொண்டம் பஸ் ஏறினேன். உடையார்பாளையத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கிராமம். பஸ்ஸில் வழி நெடுக நான் ஒத்திகை பார்த்தது என்ன தெரியுமா? பொய். கிளினிக்குக்குப் புது மெஷின் வந்திருக்கிறது, பழைய ஆட்களையெல்லாம் ஒரு முறை கூப்பிட்டுப் பார்க்கிறோம் என்று சொல்லிவிடலாம். அவருக்கும் பயம் இருக்காது, எனக்கும் மானம் போகாது. எல்லோருக்கும் நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முந்திரித் தோப்பை ஒட்டிய வீடு. வாசலில் ஒரு பெண் சாக்கு விரித்து முந்திரிக்கொட்டையைப் பரப்பிக்கொண்டிருந்தார். கலியமூர்த்தியின் மனைவி, தமிழ்ச்செல்வி. நான் யாரென்று சொன்னதும் உள்ளே குரல் கொடுத்தார். கைலியோடு வெளியே வந்தவர் என்னைப் பார்த்ததும் முகம் மாறிப்போனார்.

"மேடம், நீங்களா. வாங்க, உக்காருங்க. ஓனரு ஏதாச்சும் சொன்னாராங்க?"

"இல்ல தம்பி. புது மெஷின் வந்துருக்கு. பழைய ஆளுங்களையெல்லாம் ஒருதரம் பாக்குறோம். வந்துட்டுப் போனீங்கன்னா நல்லது."

"அதான் பாஸாயிட்டனே மேடம். திரும்பக் காது டெஸ்ட்டுக்கு லீவு கேட்டா ஓனருக்கு சந்தேகம் வந்துரும். வண்டிய வேற ஆளுகிட்டக் குடுத்துருவாரு. அடுத்த வருசம் நானே வரேங்க."

என் பொய் அவ்வளவு தூரம்தான் தாங்கியது. தமிழ்ச்செல்வி கொண்டுவந்த தண்ணீரை வாங்கிக் குடித்தேன். இனி உண்மையைச் சொன்னால் இவர் கிளினிக்கை என்ன சொல்வார், ஊரில் என்ன பேசுவார்கள், என் வேலை இருக்குமா என்று எல்லாம் ஒரே நேரத்தில் மனதில் ஓடின. ஆனால் இவர் வராமல் இருந்துவிட்டால் நான் திரும்பி அந்த பஸ்ஸில் எப்படி உட்காருவேன் என்றும் தோன்றியது.

"தம்பி, புது மெஷின்னு சொன்னது பொய். அன்னைக்கு எங்க மெஷின் வேலை செய்யல. அந்தச் சத்தம் ஏறவே இல்ல."

அவர் என்னையே பார்த்தார். "ஏறுச்சு மேடம்."

"ஏறல தம்பி."

"நான் கேட்டேனுங்க. ஏறி ஏறி எறங்குச்சு. அப்ப நான் வேலைக்காகப் பொய்யா அமுக்குனேன்னு சொல்றீங்களா? எம் புள்ளைங்க மேல சத்தியமா..."

தமிழ்ச்செல்வி குறுக்கே வந்தார். "அவரு அந்த மாதிரி ஆளு இல்லைங்க."

"சத்தியமெல்லாம் வேணாம். நீங்க பொய் சொல்லல. எனக்கும் கேட்டுச்சு. தெனமும் கேட்டுச்சு. இருவது வருசமா இதே வேல பாக்குற எனக்கே இல்லாத ஏத்தம் கேட்டுச்சு, உங்களுக்குக் கேக்காம என்ன செய்யும்? வரும்னு நாந்தான் சொன்னேன். அஞ்சு செகண்டுக்கு ஒருக்கான்னு நாந்தான் சொன்னேன். நடுவுல சும்மா விட்டுப் பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும், அவசரத்துல அதையும் செய்யல. தப்பு எம்மேலதான்."

அவர் விரலால் ஒரு முந்திரிக்கொட்டையை உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"மொதல்ல எனக்கு ஒண்ணும் கேக்கலதான் மேடம். நீங்க கதவத் தொறந்து சொன்னதுக்கு அப்புறந்தான் கேட்டுச்சு."

அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருடைய காது முதல் ஐந்து முறையும் சரியான பதிலைச் சொல்லியிருக்கிறது. எழுந்துபோய் அதைத் திருத்தியவள் நான்.

தமிழ்ச்செல்வி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அக்கா, இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கான்னு தெரியல. வண்டிய வுட்டு எறங்கி வூட்டுக்குள்ள வரப்ப ஒரு பக்கமா தள்ளுதுன்னு செவுத்தப் புடிச்சுக்கிட்டு வராரு. ரெண்டு மாசமா. நான் குடிச்சிட்டு வராருன்னு நெனச்சு வாய மோந்து பாத்து சண்ட போட்டேன்."

"ஒருநா வாடையே அடிக்குதுன்னா மேடம்" என்றார் கலியமூர்த்தி. "நான் டீயத் தவிர ஒண்ணத்தத் தொடல."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சிரிக்கவும் முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை இருவரும் வந்தார்கள். மெஷின் சரியாகி, டெக்னீஷியன் மீட்டர் வைத்துக் காட்டிவிட்டுப் போயிருந்தார். இந்த முறை எதையும் எப்போது வரும் என்று சொல்லவில்லை. கேட்டால் அமுக்குங்கள், கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டுமே சரியான பதில்தான் என்று மட்டும் சொன்னேன். என் முகம் அவருக்கு எதையும் சொல்லிவிடக் கூடாது என்று குனிந்தே இருந்தேன். உங்களுக்கு நான் மறைக்கவில்லை, அந்த இருபது முறையும் அமுக்கு தம்பி, அமுக்கு என்று உள்ளே கெஞ்சிக்கொண்டுதான் இருந்தேன். பெரிய ஏற்றங்களை அமுக்கினார். சின்ன ஏற்றத்தில் ஒன்றைக்கூட அமுக்கவில்லை. அன்றே டாக்டர் கடிதம் எழுதித் திருச்சிக்கு ஸ்கேனுக்கு அனுப்பினார்.

நரம்பின் மேல் புளியங்கொட்டை அளவுக்குக் கட்டி. புற்றுநோய் இல்லை. ஆனால் வளர விட்டால் முதலில் முகத்தை இழுத்துவிடும், பிறகு மூளையை அழுத்தும், ஒரு நாள் வண்டி ஓட்டும்போதே தலை சுற்றிவிடலாம் என்று சொன்னார்கள். சென்னையில் அறுவை சிகிச்சை. கட்டியை எடுக்க வேண்டுமென்றால் அந்தக் காதின் கேட்கும் நரம்பைக் காப்பாற்ற முடியாது என்று முன்னாலேயே சொல்லிவிட்டார்கள். ஆளைக் காப்பாற்றினார்கள், முகத்தையும் காப்பாற்றினார்கள். ஓனர் அவரைக் கைவிடவில்லை. டிப்பரிலிருந்து எடுத்து, லோடு நிறுக்கும் எடைமேடையில் உட்கார வைத்தார்.

இந்தக் கதையை நான் சொல்லும்போது சிலர், அப்படியானால் நம் காதையே நம்பக் கூடாதா என்று கேட்கிறார்கள். நம்புங்கள். ஆனால் உங்கள் முன்னால் உட்காருகிறவர் உள்ளே வருவதற்கு முன்பே விடை கிடைத்துவிட்டது என்று தோன்றும் நாளில் கொஞ்சம் நில்லுங்கள். வெளியே பதினான்கு பேர் இருக்கும்போது சும்மா விட்டுப் பார்க்கிற அந்தச் சில நிமிடங்கள் வீண் என்றுதான் தோன்றும். எனக்கும் தோன்றியது. அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை ஒரு நாளும் நான் அந்த நிமிடங்களை விட்டதில்லை, வரிசையில் இருப்பவர்கள் திட்டினால் திட்டட்டும் என்று இருந்துவிட்டேன். தினசரிக் காலைச் சோதனையைக்கூட விளக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் செய்தேன்.

அறுவை சிகிச்சை முடிந்து சில மாதம் கழித்து, கடைசியாக ஒரு முறை காதைப் பார்த்து எழுதி அனுப்பச் சொல்லிச் சென்னையில் கேட்டிருந்தார்கள். கலியமூர்த்தி உள்ளே உட்கார்ந்தார். இடது காது நன்றாக இருந்தது. பிறகு, இடது காது ஒட்டுக்கேட்காதபடி அதில் இரைச்சலைப் போட்டுவிட்டு, வலது காது. தமிழ்ச்செல்வி என் தோளுக்குப் பின்னால் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்காது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"இப்ப சத்தம் வுடுறீங்களா அக்கா?"

"வுட்டுட்டேன்."

"கொஞ்சம் கூட்டிப் பாருங்களேன்."

கூட்டினேன். மெஷினில் எவ்வளவு உண்டோ அவ்வளவும் கூட்டினேன். குனிந்தே இருக்க வேண்டியவள், அன்றைக்கு நிமிர்ந்து அவரைப் பார்த்துவிட்டேன். அவரும் எங்கள் இருவரையும் பார்த்தார். கட்டை விரல் பட்டன் மேல் இருந்தது. அது அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பட்டனை மடியில் வைத்துவிட்டு, ஹெட்ஃபோனைக் கழற்றிக்கொண்டு அவரே வெளியே வந்தார்.

"உங்க ரெண்டு பேரு மூஞ்சியையும் பாத்தா ஒருதரமாச்சும் அமுக்கிடலாம்னுதான் இருந்துச்சு" என்றார். "ஆனா ஒண்ணும் வரல மேடம்."

வரவில்லை என்று எழுதினேன். முப்பத்தோரு வருடத்தில் நான் எழுதிய பதில்களில் அதைவிட உண்மையானது ஒன்று இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.